கப்டனைக் காணலாமா?

மாட்டுவண்டியிலே செல்பவன் வண்டிக்காரனோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே செல்வான். தோணியில் ஏறியவன் துடுப்பு வலிப்பவனின் முகத்தைப் பார்த்தவாறே மறுகரை சேருவான். பஸ் வண்டியிலே 'சாரதியோடு பேசாதீர்' என்று எழுதி ஒட்டியிருந்தாலும், அவருடைய முதுகையாவது நாம் காண்கிறோம். அவர் வளைவிலே வண்டியைத் திருப்பும் விதத்தைக் கண்டு, 'கைதேர்ந்தவர்' என்று மெச்சியோ, 'அவசரக்காரர்' என்று முணுமுணுத்தோ அமர்ந்திருக்கிறோம். புகையிரதத்திற்கூட, வண்டி நிற்கும்போது மேடையிலே நாலெட்டு நடந்தால் இயந்திரச் சாரதியைக் கண்டுவிடலாம்.

ஆகாய விமானம் ஒன்றே இதற்கு விலக்கு. 35,000 அடி உயரத்திலே, மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்திலே, முந்நூறு பேர் தமது உயிரை இருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போசனம் உண்கிறார்கள், உறங்குகிறார்கள். அந்த இருவர் யாவர், இளையரா முதியரா என்பதை அவர்களிற் பெரும்பாலோர் அறியார். ஒலிபெருக்கியில் ஒரு குரல் எழும். அது காலநிலையைச் சொல்லும், போய்ச் சேரும் நேரத்தைச் சொல்லும், பின்னர் அடங்கிவிடும். நம்மைச் சுமந்து செல்பவரோடு நமக்குள்ள உறவு அவ்வளவே.

இவ்வுறவு எப்பொழுதும் இவ்வளவு குறுகியதாக இருந்ததில்லை. விமானியின் அறையைப் பார்க்க விரும்பிய பிரயாணியை, பறந்துகொண்டிருக்கும்போதே உள்ளே அழைத்து, ஆசனமுங் கொடுத்து, கருவிகளைக் காட்டி விளக்கிய காலம் ஒன்றிருந்தது. அந்த வழக்கம் எவ்வாறு வளர்ந்தது, ஏன் மறைந்தது, அதிலே எஞ்சியிருப்பது யாது என்பவற்றை இவ்வாரம் நோக்குவோம்.

கதவு திறந்திருந்த காலம்

1947ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10ஆந் திகதி, எயார் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதலாவது சேவையைத் தொடங்கியது. டக்கோட்டாவின் வாற்புறத்திலே சிறு சக்கரம் ஒன்றுண்டு. ஆதலின் நிலத்தில் நிற்கும்போது அதன் மூக்கு மேல்நோக்கியும் வால் தாழ்ந்தும் இருக்கும். பின்வாயிலால் ஏறிய பிரயாணி, மேட்டிலே ஏறுபவனைப்போல நடந்து தன் ஆசனத்தை அடைவான். அந்த மேட்டின் உச்சியிலே இருந்தது விமானிகளின் அறை. இருபதுக்குச் சற்றுக் கூடியவர்களே அமரக்கூடிய அத்தகைய சிறு விமானத்திலே, ஓட்டுபவருக்கும் ஏறியவருக்கும் இடையே பெருந்தூரம் எதுவுமில்லை.

பின்னர் பெரிய விமானங்கள் வந்தன. பிரயாணமும் நீண்டது. அக்காலத்து நெடுந்தூர விமானங்களின் முன்னறையிலே நால்வர் ஐவர் இருப்பர். கப்டன் ஒருவர், துணை விமானி ஒருவர், இயந்திரங்களைக் கண்காணிக்கும் பொறியியலாளர் ஒருவர், வழி கணிப்பவர் ஒருவர், சில விமானங்களிலே வானொலிச் செய்தியாளரும் ஒருவர். கடலின்மேற் செல்லும் இரவுகளில், வழி கணிப்பவர் கூரையிலே பொருத்திய கருவியினூடாக நட்சத்திரங்களின் உயரத்தை அளந்து, விமானம் நிற்கும் இடத்தைக் காகிதத்திலே குறிப்பார். பழைய மாலுமிகளின் கலை, பொயிங் 707 போன்ற ஜெற் விமானங்களிலும் இவ்வாறு தொடர்ந்தது. அக்காட்சியை நேரிற் கண்ட சிறுவன் அதனைத் தன் வாழ்நாளில் மறந்திருப்பானா?

பிள்ளைகளின் இந்த ஆவலை விமான நிறுவனங்கள் நன்கு அறிந்திருந்தன. பிரித்தானியக் கடல்கடந்த விமானக் கூட்டுத்தாபனம் 1957ஆம் ஆண்டிலே சிறுவருக்கென ஒரு கழகத்தைத் தொடங்கியது. அதிற் சேர்ந்த பிள்ளைக்குச் சட்டையிற் குத்துவதற்கு ஓர் இலச்சினையும், விமானிகள் வைத்திருப்பதைப் போன்ற ஒரு பதிவுப் புத்தகமும் கிடைக்கும். பறந்த தூரத்தை அதிலே எழுதி, பணிப்பெண்ணின் மூலம் முன்னறைக்கு அனுப்பினால், கப்டன் தமது கையொப்பத்தை இட்டுத் திருப்பி அனுப்புவார். பல வேளைகளிலே புத்தகத்தோடு பிள்ளையையும் அனுப்பும்படி சொல்லிவிடுவார். அப்புத்தகங்களை இன்றும் பெட்டிகளிலே பத்திரப்படுத்தி வைத்திருக்கும் முதியோர் பலர் இங்கிலாந்திலே உள்ளனர்.

1976 முதல் 2003 வரை ஒலியினும் இருமடங்கு வேகத்தில் பிரயாணிகளைச் சுமந்த கொன்கோட் விமானத்திலும் இவ்வழக்கம் இருந்தது. 60,000 அடிக்கு அண்மையான உயரத்திலே, மேலே கருநீலமாய் இருண்டுவரும் வானமும், தொலைவிலே மெல்ல வளையும் பூமியின் விளிம்பும் முன்கண்ணாடியினூடே தெரியும். அதனை ஒருமுறை எட்டிப் பார்ப்பதற்குச் செல்வந்தரும் சிறுபிள்ளைகளைப் போல முறைவைத்துக் காத்து நின்றனர்.

விமானிகள் ஏன் வரவேற்றனர்?

பிரயாணியின் ஆவல் விளங்கக்கூடியதே. ஆயின், பொறுப்பு மிக்க பணியிலே இருக்கும் விமானி ஏன் அந்நியரை அன்போடு அழைத்தார்?

முதலாவது காரணம் தொழிற் பெருமை. தச்சன் தான் கடைந்த கட்டிலை வந்தோருக்குக் காட்டுவதில்லையா? எவனும் தான் முயன்று கற்ற வித்தையைப் பிறர் கண்டு வியப்பதை விரும்புவான். இரண்டாவது காரணம் தனிமை. விமானம் உயரத்தை அடைந்து நேராகச் செல்லத் தொடங்கியபின், தன்னியக்கக் கருவியே அதனைச் செலுத்துகிறது. விமானிகள் கருவிகளை நோக்குகின்றனர், எரிபொருளைக் கணக்கிடுகின்றனர், தரையிலுள்ளாரோடு வானொலியிற் பேசுகின்றனர். விழித்திருத்தலே வேலையாகிய அந்த நீண்ட மணித்தியாலங்களிலே, 'இந்த விளக்கு எதற்கு?' என்று கேட்கும் எட்டு வயதுப் பிள்ளை அவர்களுக்கு ஒரு விருந்து.

மூன்றாவது காரணம் இவ்விரண்டிலும் மேலானது. விமானத்தில் ஏறினால் உள்ளங்கை வியர்ப்போர் அநேகர். அவர்களுடைய அச்சத்திற்கு ஒரு காரணம், நடப்பது எதுவும் தம் கையில் இல்லை என்பதே. வெண்முகிலுக்குள்ளே விமானம் நடுங்கும்போது, பின்னாலிருப்பவருக்கு அது விபத்தின் தொடக்கமாகத் தோன்றும். முன்னறைக்குச் சென்று பார்த்தவரோ, அதே நடுக்கத்தின்போது கப்டன் தேநீர்க் கிண்ணத்தை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு அமைதியாக இருப்பதைக் காண்பார். ஆயிரம் வார்த்தைகளாலே தீராத பயம் அந்தக் கிண்ணத்தைக் கண்டவுடன் பாதி தீர்ந்துவிடும். இதனை அனுபவத்தால் அறிந்த கப்டன்மார், அஞ்சும் பிரயாணி ஒருவர் இருப்பதாகப் பணிப்பெண் சொன்னால், 'அவரை இங்கே அழைத்து வாருங்கள்' என்பர்.

இவ்வளவு நட்புக்கும் ஓர் எல்லை இருக்கவே செய்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் விமானியின் கவனம் சிதறலாகாது. 1974ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் சார்லற் நகருக்கு அருகே, மூடுபனியில் இறங்க முயன்ற விமானமொன்று விழுந்து எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இறங்கும் வேளையிலே விமானிகள் அரசியலும் பிறவும் பேசிக்கொண்டிருந்தமை விசாரணையில் வெளிவந்தது. 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானிகள் தொழிலுக்குப் புறம்பான பேச்சையும் செயலையும் ஒழிக்கவேண்டுமென்ற விதி 1981இல் அந்நாட்டிலே பிறந்தது. இன்று உலகெங்கணும் அது பின்பற்றப்படுகிறது. பேச்சு தீதன்று, அதற்கு வேளையறிதல் வேண்டும் என்பதே அவ்விதியின் சாரம்.

கதவு மூடிய கதை

கதவு 2001ஆம் ஆண்டிலே ஒரே நாளில் மூடியதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சாத்தப்பட்டு வந்தது.

1964ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி, கலிபோர்னியா மாநிலத்தின் மேலே பறந்துகொண்டிருந்த சிறு விமானமொன்றிலே, பிரயாணி ஒருவன் முன்னறைக்குட் சென்று விமானிகள் இருவரையும் சுட்டான். விமானத்திலிருந்த 44 பேரும் மாண்டனர். விமானியின் அறைக்கதவு பறக்கும்போது பூட்டியிருக்கவேண்டுமென்ற விதியை அமெரிக்க அதிகாரிகள் அதற்கு முன்னரே வகுத்திருந்தனர். ஆனால் அது நடைமுறைக்கு வந்தது அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேதான். மூன்று மாதம் பிந்தியது விதி. அமெரிக்காவிலே அன்று தொடங்கிய பூட்டு, ஏனைய நாடுகளுக்கு உடனே பரவவில்லை. ஐரோப்பிய, ஆசிய விமானங்களிலே விருந்தினர் பல ஆண்டுகள் வந்துபோய்க்கொண்டே இருந்தனர்.

நட்பே நாசமாக முடிந்த நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 1994ஆம் ஆண்டு மார்ச் மாதம், மொஸ்கோவிலிருந்து ஹொங்கொங் சென்ற ருசிய எயார்பஸ் விமானமொன்றிலே, கடமையிலிருந்த விமானி ஒருவர் தம் மகளையும் மகனையும் அறைக்கு அழைத்து, ஒருவர்பின் ஒருவராகத் தமது ஆசனத்தில் இருத்தினார். தன்னியக்கக் கருவி இயங்குகையில் பிள்ளைகள் சுக்கானைத் தொடுவதால் தீங்கில்லையென்று அவர் எண்ணினார். பதின்பருவத்து மகன் அதனைச் சிலநேரம் அழுத்தித் திருப்பிப் பிடித்திருந்தான். அதனால், விமானத்தைப் பக்கவாட்டிற் சரியாமற் காக்கும் பகுதி மாத்திரம் ஓசையின்றி விடுபட்டுவிட்டது. ஒரு சிறு விளக்கைத் தவிர வேறு எச்சரிக்கை எழவில்லை. விமானம் மெல்லச் சாய்ந்தது. பின்னர் வேகமாகச் சாய்ந்தது. இறுதியில் சைபீரியக் காட்டிலே விழுந்தது. இருந்த 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தீய எண்ணம் எவரிடத்தும் இருக்கவில்லை. தந்தையின் பாசம் ஒன்றே இருந்தது. பாசம் விதியை மறந்தபோது விளைந்தது அது.

தீய எண்ணம் கொண்டோரும் வந்தனர். 1999ஆம் ஆண்டு ஜூலையிலே, ஐந்நூறுக்கு மேற்பட்டோருடன் தோக்கியோவிலிருந்து கிளம்பிய விமானத்தில், விமானமோட்டும் மோகங்கொண்ட இளைஞன் ஒருவன் கத்தியைக் காட்டி முன்னறைக்குட் புகுந்து, கப்டனைக் குத்திக் கொன்றான். பின் தானே விமானத்தைச் செலுத்தவும் முனைந்தான். மற்றையோர் அவனை மடக்கி விமானத்தைக் காப்பாற்றினர். 2000ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆந் திகதி, இலண்டனிலிருந்து நைரோபி சென்ற பிரித்தானிய விமானமொன்றிலே, சித்தங் கலங்கிய பிரயாணி ஒருவர் உட்புகுந்து சுக்கானைப் பற்றினார். ஏறத்தாழ 400 பேருடன் விமானம் கீழ்நோக்கிப் பாய்ந்தது. விமானிகளும் உதவிக்கு ஓடிவந்த பிரயாணிகளும் அவரைப் பிடித்திழுத்து, மயிரிழையில் அனைவரையும் மீட்டனர்.

இதற்கு ஏறத்தாழ எட்டரை மாதங்கள் கழிந்தபின் வந்தது 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆந் திகதி. பத்தொன்பது பேர் நான்கு விமானங்களின் முன்னறைகளைக் கைப்பற்றினர். ஏறத்தாழ மூவாயிரம் பேர் மாண்டனர். அதன்பின் விவாதத்திற்கு இடமிருக்கவில்லை. துப்பாக்கிக் குண்டும் துளைக்காத கதவுகளை அமைக்கும்படி அமெரிக்கா கட்டளையிட்டு, 2003ஆம் ஆண்டு ஏப்ரலைத் தவணையாக விதித்தது. அவ்வாண்டு நவெம்பர் முதல், பெரிய பிரயாணி விமானங்கள் யாவற்றுக்கும் அத்தகைய கதவு வேண்டுமென்பது சர்வதேச விதியாயிற்று. பறக்கும் விமானத்திலே கப்டனைக் காணும் வழக்கம் அத்துடன் முடிந்தது.

பூட்டின் இருமுகம்

இன்றைய கதவு பழைய மெல்லிய பலகையன்று. வெளியே இலக்கங்களை அழுத்தும் சிறு பெட்டி ஒன்றுண்டு. வருபவர் யாரென்று விமானிகள் உள்ளிருந்து பார்த்து அறிந்த பின்னரே தாழ் நீங்கும். உள்ளே இருப்பவர்கள் மயங்கி விழுந்தால் என் செய்வது? அதற்கும் வழி வைத்துள்ளனர். பணியாளர் அவசர இலக்கத்தை அழுத்தினால் உள்ளே ஒலி எழும். குறித்த நேரத்திற்குள் மறுமொழி இல்லையெனின் கதவு தானே திறக்கும். ஆனால் உள்ளிருப்பவர் மறுத்துவிட்டால், சில நிமிடங்களுக்கு அந்த இலக்கமும் பயன்படாது.

அந்தச் சில நிமிடங்கள் எத்தகையவை என்பதை உலகம் 2015ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி அறிந்தது. ஸ்பெயினிலிருந்து ஜேர்மனிக்குச் சென்ற விமானத்தின் கப்டன் சற்றுநேரம் அறையைவிட்டு வெளியே வந்தார். உள்ளே தனித்திருந்த துணை விமானி கதவைத் தாழிட்டு, விமானத்தை வேண்டுமென்றே அல்ப்ஸ் மலையிலே மோதினார். கதவைத் தட்டியும் உடைக்க முயன்றும் கப்டனால் உட்செல்ல முடியவில்லை. 150 பேர் மாண்டனர். வெளியிலுள்ள பகைவனைத் தடுப்பதற்காகச் செய்த கதவு, உள்ளிருந்த நோயைக் காத்துவிட்டது. முன்னறையில் எப்பொழுதும் இருவர் இருக்கவேண்டுமென ஐரோப்பிய அதிகாரிகள் அக்கணமே பரிந்துரைத்தனர். மறு ஆண்டிலே அதனைத் தளர்த்தி, தக்கதை நிறுவனங்களே ஆராய்ந்து முடிவுசெய்ய விட்டனர்.

இதனால் கதவே வேண்டாமென்று சொல்வதற்கில்லை. வீட்டுக்குப் பூட்டு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பூட்டினாலேயே வீடு வாழ்வதில்லை. இறுதியில் நாம் நம்பவேண்டியது இரும்பையன்று, மனிதரையே. அவரைத் தெரிந்தெடுப்பதும், பயிற்றுவதும், அவர் மனநலத்தைப் பேணுவதுமே உண்மையான காவல்.

இன்னொன்றையும் இங்கே நினைத்தல் தகும். வழி கணிப்பவரும் வானொலியாளரும் முன்னறையிலிருந்து நீங்கினர். புதிய கருவிகள் வந்தபின் பொறியியலாளரும் நீங்கினார். ஐவர் இருந்த இடத்திலே இன்று இருவரே இருக்கின்றனர். உள்ளே ஆள் குறைந்துவந்த அதே காலத்திலே வெளியிலிருந்து வருவோரும் இல்லாதொழிந்தனர். விமானிகளிற் பழையோர் சிலர், தமது தொழிலிலே தாம் இழந்தவற்றுள் அந்தச் சிறுவர்களின் கேள்விகளையும் ஒன்றாக எண்ணுகின்றனர் என்றால் அது வியப்பன்று.

இன்று என் செய்யலாம்?

பறக்கும்போது மூடிய கதவு, நிலத்தில் நிற்கும்போதும் மூடியே இருப்பதில்லை. இது பெற்றோர் பலர் அறியாத செய்தி. விமானம் தரித்து நிற்கையில், பணியாளரிடம் பணிவாகக் கேட்டால், பிள்ளையை முன்னறைக்கு அழைத்துச் சென்று காட்டும் கப்டன்மார் இன்றும் பல நாடுகளிலே உள்ளனர். சிலர் தமது தொப்பியைப் பிள்ளையின் தலையிலே வைத்து, ஆசனத்தில் இருத்திப் படம் எடுக்கவும் இடங்கொடுப்பர்.

கேட்பதற்கு ஏற்ற வேளை, இறங்கி முடிந்து ஏனையோர் வெளியேறிய பின்னராகும். புறப்படுமுன் விமானிகளுக்கு வேலை மிகுதி. எரிபொருள், பாரம், காலநிலை, ஓடுபாதை யாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிபார்க்கவேண்டிய நேரம் அது. உள்ளே சென்றால் எதனையும் தொடலாகாதென்று பிள்ளைக்கு முன்னரே சொல்லிவைத்தல் நன்று. கேட்பதற்கு இரண்டொரு கேள்விகளையும் ஆயத்தஞ் செய்துகொள்ளட்டும். மறுத்துவிட்டால் மனங்கோணுதல் கூடாது. அடுத்த பிரயாணத்திற்கு அவ்விமானத்தை ஆயத்தஞ்செய்ய அரைமணி நேரமே இருக்கலாம். நிறுவனத்தின் விதி இடங்கொடாமலும் இருக்கலாம். பறக்கும்போது மாத்திரம் இவ்வேண்டுகோளை விடுத்தலாகாது. அறியாமையாற் கேட்டாலும், பணியாளரின் கண்ணுக்கு அது வேறுவிதமாகத் தோன்றக்கூடும்.

பறக்கும்போதே விமானியைக் காண விரும்புவோர் சிறிய விமானங்களை நாடலாம். நமக்கு அண்மையிலுள்ள மாலைதீவிலே, நீரிலிருந்து கிளம்பும் சிறு விமானங்களில் விமானிகள் வெறுங்காலுடன் அமர்ந்து செலுத்துவதைப் பின்னாலுள்ளோர் பார்த்துக்கொண்டே செல்லலாம். ஸ்கொத்லாந்தின் வடக்கேயுள்ள ஓர்க்னித் தீவுகளில், வெஸ்ற்றேயிலிருந்து பாப்பா வெஸ்ற்றேக்குச் செல்லும் சேவை உலகிலேயே மிகக் குறுகியது. ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் அப்பயணத்திலே, எட்டுப் பேர்வரை ஏறும் விமானத்தில், விமானியின் பக்கத்து ஆசனத்திலே பிரயாணி ஒருவர் அமரலாம். மாட்டுவண்டியின் முன்தட்டில் வண்டிக்காரனுக்கு அருகே அமர்ந்து செல்லும் இன்பம் வானத்திலும் முற்றாக அழிந்துவிடவில்லை.

பெரிய விமானத்திற் செல்வோருக்கும் ஒன்று செய்ய இயலும். இறங்கும்போது சில கப்டன்மார் கதவைத் திறந்து, வாயிலருகே வந்து நின்று பிரயாணிகளை வழியனுப்புகின்றனர். பெட்டியையும் பையையும் தூக்கும் அவசரத்திலே நம்மிற் பெரும்பாலோர் அவரைப் பாராமலே கடந்துவிடுகிறோம். ஒரு கணம் நின்று, அவருடைய முகத்தை நோக்கி, 'நன்றி ஐயா', 'நன்றி அம்மா' என்று சொல்வதற்கு எந்த விதியும் தடையில்லை. பிள்ளை உடனிருந்தால் அதனையுஞ் சொல்லச் செய்க. இரவு முழுவதும் நம்மைக் காத்தவர் இவர்தாம் என்று அப்பிள்ளை அறிந்துகொள்ளும். தாம் சுமந்து வந்தவர் யாரென்று அவரும் அறிந்துகொள்வார்.